ஒரு வித்தை, பல களங்கள்

ஐரோப்பாவில் சைக்கிள் பந்தயம் ஒரு ஜீவனோபாயமாக வேரூன்றிய காலந்தொட்டே அது ஒற்றை விளையாட்டாக இருந்ததில்லை. காலையில் ஓர் ஊரில் புறப்பட்டு, முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வேறோர் ஊரை மாலைக்குள் எட்டிவிடும் ஒருநாள் பந்தயம்; மூன்று வாரம் தேசம் முழுவதையும் சுற்றிவந்து, அன்றன்றைய நேரத்தைக் கூட்டி வெற்றியை நிர்ணயிக்கும் நெடும்பந்தயம்; துணையேதுமின்றித் தனியே ஓட்டிக் கடிகாரத்தோடு பொருதும் நேரப் பந்தயம்; பலகை வேய்ந்த வட்டத்தளத்தில் இருவர் ஒருவரையொருவர் துரத்தும் துரத்தல் பந்தயம்; குளிர்காலத்தில், கூரையிட்ட அரங்குகளில், இருவர் இருவராகச் சேர்ந்து முறைமாற்றி ஓட்டும் ஆறுநாள் பந்தயம் என, ஒவ்வொன்றும் தனக்கென ஓர் இலக்கணமும், தனக்கென ஓர் அபிமானிகள் கூட்டமும் உடையதாகவே வளர்ந்தது. வண்டிக் கம்பெனிகள் கொடுத்த சம்பளத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த இயலாத பெரும்பாலான ஓட்டக்காரர்கள், வசந்தத்திலும் கோடையிலும் சாலையில் சம்பாதித்த புகழை, மழையும் பனியும் வந்தபின் வட்டத்தளங்களின் சொந்தக்காரர்களிடம் காசாக மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆகவே பல துறைகளில் இறங்குவது அத்தொழிலில் வயிற்றின் கட்டளையாகவே முதலில் பிறந்தது.

அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து எல்லாத் துறையிலும் இறங்கியவர்கள் பலர். இறங்கிய துறைகளில் எல்லாம் தம் காலத்தின் உச்சியில் நின்றவர்கள் மிகச் சிலர். அச்சிலருள்ளும் இத்தாலியின் ஃபவுஸ்டோ கோப்பியைத் தனியே எடுத்துப் பேசவேண்டியதற்குக் காரணம் உண்டு. இத்தாலியைச் சுற்றிவரும் ஜிரோ பந்தயத்தில் ஐந்து முறையும், டூர் டி பிரான்ஸில் இரண்டு முறையும் வென்றவர். மிலானிலிருந்து சான் ரெமோவுக்கு ஓடும் பந்தயத்தில் மூன்று முறையும், லொம்பார்டியா பந்தயத்தில் ஐந்து முறையும் முதலில் வந்தவர். சாலையில் ஒரு முறையும், வட்டத்தளத் துரத்தலில் இரு முறையும் உலக வீரர் பட்டம் பெற்றவர். ஒருமணி நேரச் சாதனையைப் பதினான்கு ஆண்டுகள் தம்மிடம் வைத்திருந்தவர். இவற்றை வரிசைப்படுத்திப் பார்ப்பவர்கள், இம்மனிதர் ஐந்தாறு வித்தைகளைக் கற்றுத் தேர்ந்தவர் என்று வியப்பது இயல்பே. அவருடைய சரித்திரத்தை ஊன்றி ஆராய்ந்தாலோ, அவர் கற்றது ஒரே வித்தை என்பதும், அந்த ஒன்றைப் பூரணமாகக் கற்றதனாலேயே எக்களத்திலும் அவருக்கு இடம் கிடைத்தது என்பதும் புலனாகும்.

1919ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி, பீட்மாண்ட் பிரதேசத்தில் காஸ்டெல்லானியா என்னும் சின்னஞ்சிறு மலைக்கிராமத்தில், வறிய விவசாயக் குடும்பமொன்றில் கோப்பி பிறந்தார். பள்ளிப் படிப்பில் மனம் ஒட்டாத அச்சிறுவர், பதின்மூன்றாம் வயதில் நோவி லிகுரே என்னும் ஊரில் ஓர் இறைச்சிக் கடையில் வேலைக்கு அமர்ந்து, கடையின் சரக்குகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகக் கொடுத்து வரலானார். இத்தாலியின் பழம்பெரும் வீரரான கோஸ்டான்டே ஜிரார்டெங்கோவைப் பெற்ற ஊர் அது. அவருக்குத் தேகம் பிடித்துவிட்ட பியாஜியோ காவன்னாவும் அவ்வூரில்தான் வசித்தார். காவன்னா கண்பார்வை இழந்தவர். ஓட்டக்காரர்களின் தொடையையும் முதுகையும் விரல்களால் தடவியே, அவர்களுடைய வலிமையையும் களைப்பையும் எதிர்காலத்தையும் கணிக்க வல்லவர் என்று பிரசித்தி பெற்றவர். நெடிய கால்களும், குறுகிய தோளும், அவற்றுக்குச் சற்றும் பொருந்தாதபடி முன்தள்ளிய மார்புக்கூடுமாகத் தம்முன் வந்து நின்ற இளைஞரை அவர் சீடராக ஏற்றுக்கொண்டு, உணவு, உறக்கம், அப்பியாசம் அனைத்தையும் தம் கட்டுப்பாட்டில் வைத்தார்.

இவ்விடத்தில் பந்தயத்தின் அடிப்படையான உண்மை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சமதளத்தில் வேகமாகச் செல்லும் சைக்கிள்காரனுக்கு முதற்பகை காற்று. அவனுடைய சக்தியில் பெரும்பகுதி எதிர்க்காற்றைப் பிளப்பதிலேயே செலவழிந்துபோகிறது. முன்னால் ஒருவன் ஓட்ட, அவன் சக்கரத்தை ஒட்டிப் பின்தொடர்கிறவனுக்கு அந்தப் பிரயாசையில் கணிசமான பகுதி மிச்சமாகிறது. முன்னத்தி ஏர் கீறிவிட்ட மண்ணில் பின்னேர் போவது போலத்தான் அது. ஆகவே சாமர்த்தியசாலியான ஓட்டக்காரன் நாள் முழுதும் கூட்டத்தின் நிழலில் ஒதுங்கி வந்து, கடைசி இருநூறு மீட்டரில் வெளிப்பட்டுப் பாய்ந்து பரிசைத் தட்டிக்கொண்டு போவான். அந்தக் கடைசிப் பாய்ச்சல் கோப்பியின் பலமாக ஒருபோதும் இருந்ததில்லை. கூட்டத்தோடு முடிவிடத்துக்கு வந்தால் தோற்கும் அபாயம் தமக்கு உண்டென்பதை இளமையிலேயே உணர்ந்துகொண்ட அவருக்கு, வெல்வதற்கு ஒரே மார்க்கம்தான் எஞ்சியது: முடிவிடத்துக்கு வரும்போது உடன் எவரும் இருக்கக் கூடாது. காற்றைத் தாமே பிளந்துகொண்டு, பல மணி நேரம் தளராத ஒரே தாளகதியில், ஏகாந்தமாக ஓட்டிச் செல்வதே அந்த மார்க்கம்; அவருடைய வித்தை முழுவதும் அதில் அடங்கியிருந்தது.

1940ஆம் ஆண்டு ஜிரோவுக்கு லெக்னானோ கம்பெனியின் குழுவில் அவர் சேர்க்கப்பட்டது, அக்குழுவின் தலைவரும் நாடறிந்த வீரருமான ஜீனோ பர்த்தாலிக்கு ஊழியம் செய்வதற்காகவே. இரண்டாம் நாளில் ஒரு நாய் குறுக்கிட்டதால் பர்த்தாலி விழுந்து காயமுற்றார். சில நாட்களுக்குப் பின் ஃபிளாரன்ஸிலிருந்து மொடெனாவுக்குப் போகும் வழியில், அபெட்டோனே கணவாயில் இருபது வயது ஊழியர் தனியே பிரிந்து சென்று, பந்தயத்தில் முன்னணியில் நிற்பவருக்குரிய இளஞ்சிவப்புச் சட்டையைத் தாமே அணிந்துகொண்டார். பர்த்தாலியும் பெருந்தன்மையோடு பின்னர் அவருக்கு மலைகளில் துணைநின்றார். ஜூன் 9ஆம் தேதி மிலானில் கோப்பி வெற்றி வீரராக நின்றார். மறுநாள் இத்தாலி யுத்தத்தில் குதித்தது. அதன்பின் ஆறாண்டுக் காலம் ஜிரோ நடைபெறவே இல்லை.

சாலையில் நெடும்பந்தயங்கள் நின்றுபோன அந்த நாட்களில், சிப்பாய் உடையிலிருந்த அவர் வட்டத்தளத்தை நாடினார். 1942 நவம்பர் 7ஆம் தேதி மிலான் நகரின் விகோரெல்லி தளத்தில் ஒருமணி நேரச் சாதனைக்கு முயன்றார். இந்தச் சோதனையின் விதி எளிது. அதன் கொடுமையும் அந்த எளிமையில்தான் இருக்கிறது. எதிராளி இல்லை, ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. ஒரே பல்சக்கரத்தில் அறுபது நிமிஷத்துக்குள் எவ்வளவு தூரம் போகமுடியும் என்பது மட்டுமே கேள்வி. தொடக்கத்தில் சற்றே மிகையாக மிதித்தவன் நாற்பதாம் நிமிஷத்தில் அதற்கு வட்டியும் முதலுமாகக் கடன் தீர்க்க வேண்டும். சற்றே குறைத்து மிதித்தவனுக்கோ இழந்ததை மீட்க நேரம் போதாது. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்புதான் பிரிட்டிஷ் விமானங்கள் மிலான்மீது குண்டு பொழிந்திருந்தன. அப்பேர்ப்பட்ட நகரத்தின் நடுவே, அந்தப் பலகைத் தளத்தை நூறு சுற்றுக்கும் மேல் வலம்வந்து, 45.798 கிலோமீட்டர் தூரம் ஓட்டி, பிரான்ஸின் மோரிஸ் ஆர்ஷம்போ ஐந்தாண்டுகளுக்கு முன் நிறுவிய சாதனையை அவர் கடந்தார். கடந்த தூரம் வெறும் 31 மீட்டர். ஒரு மணி நேரம் முழுதும் தேகத்தின் சக்தியை எவ்வளவு கணக்காக அளந்து செலவிட்டிருந்தால் இவ்வளவு மெல்லிய வித்தியாசத்தில் தப்பியிருக்க முடியும் என்று எண்ணுகையில், மலைகளில் அவர் பின்னாளில் நிகழ்த்திய அதிசயங்களுக்கு அந்த ஒருமணி நேரமே குருகுலமாக இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த ஆண்டு அவருடைய சைன்யப் பிரிவு வட ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. ஏப்ரலில் துனீசியாவில் பிரிட்டிஷாரிடம் அவர் கைதியானார். ஓட்டக்காரனின் தேகம் உச்ச நிலையை எட்டும் வயதில் சுமார் இரண்டாண்டுகள் சிறைமுகாமிலும், மலேரியா ஜ்வரத்திலும், அந்நிய சைன்யத்தின் சில்லறை வேலைகளிலும் கழிந்தன. யுத்தம் ஓய்ந்து ஊர் திரும்பி, பியான்கி கம்பெனியின் வெளிர்நீலச் சட்டையை அணிந்து, 1946 மார்ச் 19ஆம் தேதி மிலான்–சான் ரெமோ பந்தயத்தில் அவர் இறங்கியபோது, பழைய கோப்பி திரும்புவாரா என்ற சந்தேகம் பலர் மனத்தில் இருந்தது. புறப்பட்ட சிறிது நேரத்திலேயே முன்னோடிய சிறு கூட்டமொன்றில் அவர் சேர்ந்துகொண்டார். துர்கீனோ கணவாயில் மற்றவர்களை உதறிவிட்டு, கடற்கரைச் சாலை நெடுகிலும் தனியாகவே ஓட்டிச் சென்றார். இரண்டாமவராகிய தெய்ஸ்ஸேர் சான் ரெமோவை அடைந்தது 14 நிமிஷம் கழித்து. யுத்தத்தால் சிதைந்த பாலங்களும் சாலைகளுமாகக் கிடந்த தேசத்துக்கு, அந்த நீண்ட தனிப்பயணம் விளையாட்டுச் செய்தியைக் காட்டிலும் பெரியதாகவே பட்டிருக்க வேண்டும்.

சாலையின் பெருவெற்றிகள் குவியத் தொடங்கிய அக்காலத்திலேயே, துரத்தல் பந்தயத்திலும் அவர் ஈடுபட்டிருந்தார். இப்பந்தயத்தில் இருவர் வட்டத்தளத்தின் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து ஒரே கணத்தில் புறப்பட்டு, தொழில்முறை வீரர்களுக்குரிய 5 கிலோமீட்டர் தூரத்தை ஓட்டுவார்கள். முன்னிருப்பவனை எட்டிப் பிடித்தாலும், தூரத்தைக் குறைந்த நேரத்தில் முடித்தாலும் வெற்றி. ஆளுக்கு ஆள் அரைச் சுற்று இடைவெளி இருப்பதால் ஒளிந்துகொள்ள எவன் நிழலும் கிடையாது. 1947இல் பாரிஸில் தம் நாட்டவரான பெவிலாக்குவாவை வென்று உலக வீரரானார் கோப்பி. 1948இல் ஆம்ஸ்டர்டாமில் டச்சுக்காரரான ஷுல்ட்டேயிடம் இறுதிப் பந்தயத்தில் தோற்றார். 1949இல் கோபன்ஹேகனில் பட்டத்தை மீட்டார். பிரான்ஸில் நடைபெற்ற தேசங்களின் பரிசு என்னும் நெடுந்தூர நேரப் பந்தயத்திலும் 1946, 1947 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அவரே வென்றார். ஆறேழு நிமிஷத்தில் முடியும் துரத்தலும், ஒருமணிச் சாதனையும், சில மணி நேரம் நீளும் நேரப் பந்தயமும், பகல் முழுதும் தொடரும் மலைப்பயணமும் பார்வைக்கு வேறு வேறு. உள்ளே ஓடும் சூத்திரமோ ஒன்றே.

அந்தச் சூத்திரம் முழு வடிவில் வெளிப்பட்ட நாள் 1949 ஜூன் 10. ஜிரோவின் பதினேழாம் நாளான அன்று, கூனியோவிலிருந்து பினரோலோவுக்கு 254 கிலோமீட்டர். இடையில் மத்தலேனா, வார்ஸ், இஸ்வார், மோன்ஜெனேவர், செஸ்திரியேரே என்று ஆல்ப்ஸ் மலையின் ஐந்து கணவாய்கள். அவற்றுள் இஸ்வார் 2,360 மீட்டர் உயரமுள்ளது. குளிரும் ஈரமும், சரளைக்கல்லும் சேறுமாகக் கிடந்த வழியில், முதல் கணவாயிலேயே, முடிவிடம் இன்னும் 192 கிலோமீட்டர் தொலைவில் இருக்கையில், கோப்பி கூட்டத்தை விட்டுப் பிரிந்தார். இருக்கையைவிட்டு எழுந்து வண்டியை இருபுறமும் ஆட்டி மூர்க்கமாக ஏறுவது மற்றவர்களின் வழக்கமாக இருக்க, அவரோ பெரும்பாலும் உட்கார்ந்தபடியே, நெடிய கால்களைச் சீராகச் சுழற்றி, மேலுடம்பு அசையாமல் ஏறிச் சென்றார். பின்னால் அவரைத் துரத்தி வந்தவர் பர்த்தாலி. அந்த மாபெரும் மலையேறி தம் முழுவலிமையையும் செலுத்தியும், ஒவ்வொரு கணவாயிலும் இடைவெளி கூடியதே தவிரக் குறையவில்லை. ஒன்பது மணி நேரத்துக்கு மேல் நீடித்த அப்பயணம் முடிந்தபோது இருவருக்கும் இடையே 11 நிமிஷம் 52 விநாடி இருந்தது. அன்று காலைவரை முன்னணியிலிருந்த லியோனியின் இளஞ்சிவப்புச் சட்டை கோப்பியிடம் வந்து சேர்ந்தது.

ஒரு மாதத்துக்குள் அவர் டூர் டி பிரான்ஸில் இருந்தார். சான் மாலோவுக்குப் போகும் வழியில் மோதி விழுந்து, வண்டி உடைந்து, முப்பது நிமிஷத்துக்கும் அதிகமாகப் பின்தங்கி, பந்தயத்தையே விட்டுவிடத் துணிந்தவரை, குழுவின் நிர்வாகியும் முன்னாள் வீரருமான ஆல்ஃப்ரெடோ பிண்டா இதமாகவும் கண்டிப்பாகவும் பேசித் தடுத்து நிறுத்தினார். அவ்வளவு நஷ்டத்தையும் ஆல்ப்ஸ் மலையிலும் நேரப் பந்தயங்களிலும் ஈடுசெய்து, பர்த்தாலியைவிட 10 நிமிஷம் 55 விநாடி முன்னதாக அவர் பாரிஸில் முடித்தார். ஜிரோவையும் டூரையும் ஒரே ஆண்டில் வென்ற முதல் மனிதர் அவர். அந்த ஆகஸ்டிலேதான் கோபன்ஹேகனின் துரத்தல் பட்டம். அதே ஊரில் நடந்த உலகச் சாலைப் பந்தயத்தில் மூன்றாம் இடம். மார்ச் மாதம் சான் ரெமோ, அக்டோபரில் லொம்பார்டியா. வசந்தத்தின் தொடக்கத்திலிருந்து இலையுதிர்காலத்தின் இறுதிவரை, ஒருநாள் பந்தயமாயினும், மூன்றுவாரப் பந்தயமாயினும், 5 கிலோமீட்டர்த் தளமாயினும், எல்லாத் துறையிலும் ஒரே ஆண்டில் உச்சியைத் தொட்ட அந்த 1949, இத்தொழிலின் சரித்திரத்தில் பொன்னெழுத்துக்களில் பொறிக்கத்தக்கது.

சாலையின் வன்மைக்குப் பேர்போன வடக்கத்திய கருங்கல் பாதைகள் மலைவாசிக்கு உகந்தவையல்ல என்ற எண்ணத்தையும் 1950இல் அவர் பொய்யாக்கினார். பாரிஸ்–ரூபே பந்தயத்தில் தனியாகவே ரூபேயை அடைந்தார். 1952 டூரில், வரலாற்றில் முதன்முறையாக மலையுச்சியில் முடிவிடம் அமைக்கப்பட்ட ஆல்ப் துவேஸில் அவர் வென்றார். செஸ்திரியேரேயிலும், புய் தெ தோமிலும் அவ்வாறே. இரண்டாமவரைவிட 28 நிமிஷத்துக்கும் மேலாக முந்திவிட்ட அவரை எதிர்க்க மற்றவர்களுக்கு ஊக்கமளிக்கும் பொருட்டு, இரண்டாம் பரிசின் தொகையை உயர்த்த நேர்ந்தது பந்தய நிர்வாகிகளுக்கு.

இத்தனை ஏகாந்தத்துக்கும் அடியில் பலருடைய உழைப்பு இருந்தது என்பதை மறைத்துப் பேசுவது தர்மமாகாது. அவருக்காகக் காற்றைப் பிளந்தும், தண்ணீர் சுமந்தும், சக்கரம் பழுதானால் தம் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தும் ஊழியம் புரிந்த துணைவர்களுள் பலர் காவன்னாவின் கைப்பட வளர்ந்தவர்கள். அவர்களுள் ஒருவர் ஆந்த்ரேயா கர்ரேயா; புக்கன்வால்ட் வதைமுகாமிலிருந்து உயிர்பிழைத்து வந்தவர். 1952 டூரில் முன்னோடிய கூட்டமொன்றில் கடமைக்காகச் சேர்ந்துகொண்டு போன அவருக்கு, லோசான் நகரில் பந்தயத்தில் முன்னணியில் நிற்பவருக்குரிய மஞ்சள் சட்டை வந்து வாய்த்தது. தலைவரின் உரிமையைத் தாம் அபகரித்துவிட்டோமே என்று அஞ்சி அம்மனிதர் கண்ணீர் விட்டாராம். மறுநாளே ஆல்ப் துவேஸில் அச்சட்டை கோப்பியின் தோளுக்குப் போய்விட்டது. உணவிலும், பயிற்சியிலும், பந்தய நாளின் ஏற்பாடுகளிலும் கோப்பி புகுத்திய ஒழுங்கு, பிற்காலத்துக் குழுக்கள் யாவற்றுக்கும் முன்மாதிரியாயிற்று. அந்நாளில் தடைசெய்யப்படாதிருந்த ஊக்க மருந்துகளைத் தாம் உட்கொண்டதையும் அவர் ஒளிக்கவில்லை. அத்தொழிலின் அந்த இருண்ட பக்கத்துக்கும் அவர் காலமே சாட்சி.

1951 ஜூன் 29ஆம் தேதி அவருடைய தம்பி செர்செ, பீட்மாண்ட் பந்தயத்தின் முடிவில் டூரின் நகரத்து டிராம் தண்டவாளத்தில் சக்கரம் சிக்கி விழுந்து, எழுந்து ஓட்டி முடித்து, விடுதிக்குத் திரும்பியபின் தலைக்காயத்தால் அன்றே மாண்டார். அண்ணனுடைய பந்தய வாழ்வில் நிழல்போல் உடனிருந்தவர் செர்செ. அந்த இழப்பிலிருந்து கோப்பி முழுவதும் மீண்டதில்லை. பின்னர், மணமான அவர் மணமான இன்னொரு பெண்மணியோடு கூடி வாழ்ந்ததை அக்கால இத்தாலியச் சட்டம் குற்றமாகக் கருதி வழக்காடு மன்றத்துக்கு இழுத்ததும், தேசம் இரண்டாகப் பிளந்து நின்று அவரைத் தூற்றியும் போற்றியும் வந்ததும் நேர்ந்தன. தம்பியின் மறைவுக்கும் இந்த வழக்குக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் 1953 ஜிரோவில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட ஸ்தெல்வியோ கணவாயில் ஹ்யூகோ கோப்லெட்டைப் பின்தள்ளி ஐந்தாம் வெற்றியைப் பெற்றதும், அவ்வாண்டு ஆகஸ்டில் லுகானோவில் இரண்டாமவரைவிட ஆறு நிமிஷத்துக்கு மேல் முந்தி உலகச் சாலைப் பட்டத்தை அடைந்ததும் நிகழ்ந்தன. இருவராகச் சேர்ந்து ஓட்டும் பராக்கி நேரப் பந்தயத்திலும், காவன்னாவின் இளைய சீடர் ஃபிலிப்பியைத் துணைகொண்டு 1953 முதல் மூன்றாண்டுகள் அவர் வென்றார்.

1956 ஜூனில், அதே விகோரெல்லி தளத்தில், பிரான்ஸின் இளைஞர் ழாக் ஆங்க்தீல் ஒருமணிச் சாதனையை அவரிடமிருந்து பெற்றுக்கொண்டார். அந்த அக்டோபரில் லொம்பார்டியா பந்தயமும் அந்தத் தளத்திலேயே முடிந்தது. முப்பத்தேழு வயதுக் கோப்பி வழியில் பிரிந்து சென்றும், மிலானை நெருங்குகையில் கூட்டம் எட்டிப் பிடித்துவிட, கடைசிப் பாய்ச்சலில் ஆந்த்ரே தரிகாதிடம் நூலிழையில் தோற்றார். தனியே வர இயலாதபோது தமக்கு வெற்றி இல்லை என்று இளமையில் அவர் கண்ட உண்மை, இறுதியில் அவ்வளவு வெளிப்படையாக நிரூபணமாயிற்று. ஆயினும் அவர் தொழிலை விடவில்லை. வட்டத்தளங்கள் அழைத்தன; 1958இல் ப்யூனஸ் அயர்ஸ் ஆறுநாள் பந்தயத்திலும் வென்றார். 1959 டிசம்பரில், இன்று புர்கினா ஃபாசோ எனப்படும் அப்பர் வோல்ட்டாவுக்கு ஒரு காட்சிப் பந்தயத்துக்காகவும் வேட்டைக்காகவும் சென்று, மலேரியாவோடு திரும்பினார். உடன் சென்ற பிரெஞ்சுக்காரர் ஜெமினியானியின் நோயை அவர் நாட்டு வைத்தியர்கள் கண்டறிந்து மருந்து கொடுத்துப் பிழைப்பித்தார்கள். இத்தாலியில் நோய் இன்னதென்று உணரப்படாமலே, 1960 ஜனவரி 2ஆம் தேதி, தொர்த்தோனா ஆஸ்பத்திரியில் நாற்பதாம் வயதில் கோப்பி மரணமடைந்தார்.

அவருக்குப் பின் இத்தொழில் மெல்ல மெல்லத் துறை துறையாகப் பிரிந்தது. எடி மெர்க்ஸ் போன்ற மேதைகள் சாலையையும் தளத்தையும் ஒருங்கே ஆண்டார்கள் என்றாலும், சம்பளம் உயர உயர, குளிர்கால அரங்குகளின் காசு தேவையற்றுப்போக, மலையேறி மலையோடும், பாய்ச்சல்காரன் பாய்ச்சலோடும், தளக்காரன் தளத்தோடும் நின்றுவிடும் வழக்கம் வலுத்தது. அதனால் ஒவ்வொரு துறையின் தரமும் உயர்ந்திருக்கலாம், அதை மறுப்பதற்கில்லை. இழந்தது எது என்பதைக் கோப்பியின் சரித்திரம் நமக்குக் காட்டுகிறது. தம் குறை எதுவென்று தெளிந்து, அக்குறை வெளிப்படாத ஓர் உபாயத்தைத் தேடி, அந்த உபாயத்தை ஆயுள் முழுதும் செப்பம் செய்து, அதை ஐந்து கிலோமீட்டரிலும் முந்நூறு கிலோமீட்டரிலும், பலகையிலும் கருங்கல்லிலும் பனிமலையிலும் மீண்டும் மீண்டும் பரீட்சித்துப் பார்த்த ஒரு மனிதரை அது நம்முன் நிறுத்துகிறது. வயிற்றுக்காகப் பல களங்களில் அலைய வேண்டியிருந்த ஒரு தொழிலாளி, அவ்வலைச்சலையே தம் வித்தையின் பூரணத்துவத்துக்குச் சாதனமாக்கிக்கொண்டார் என்பதே அவருடைய பெருமை. எண்ணிக்கையில் அவரை விஞ்சிய வீரர்கள் தோன்றிவிட்ட பின்னும் அப்பெருமை குறையவில்லை.